மெதுவா வாசிச்சா நிக்கிது

அண்ணாச்சி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கிடுங்க. உங்க மேல குத்தமில்ல, பையைக் கீழ வச்ச எம்மேலதான் குத்தம். வேண்டாம், மடியிலயே வச்சுக்கிடுதேன். நாகர்கோயில் வரைக்கும்தானே. நீங்களும் வடசேரியா? நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆச்சு.

பையில என்னன்னு கேக்கியளா? கேக்கல. ஆனா பாத்திய. இது எங்க கோயில் ஆர்கனோட பெட்டி. கிறிஸ்தவக் கோயில். பாளையங்கோட்டைக்கு இங்கிட்டு, சின்ன ஊரு, சின்னச் சபை, பெரிய கமிட்டி. கட்டையை அமுக்கினா சத்தம் வருதுல்லா, அந்தச் சத்தம் இதுக்குள்ள இருந்துதான் வருது. நாளைக்கு ஈஸ்டர். விடியக்காலம் நாலரைக்கு ஆராதனை. பெட்டி என் மடியில இருக்கு. அப்ப அங்க என்னத்த வாசிப்பாவன்னு யோசிக்கிய. யோசிங்க. கமிட்டிக்காரங்களும் இந்நேரம் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருப்பாவ.

இதோ, சொல்லி வாய் மூடல, போன் அடிக்கி. செயலாளர் பொன்துரை சார். ஹலோ! ஆமா சார், ஞானதுரைதான்! பெட்டியா? சோதனையில இருக்கு சார்! எங்கயா? சோதனையிலன்னுதானே சொல்லுதேன்! சிக்னல் இல்ல சார்!

வச்சாச்சு. ஏன் எல்லாரும் திரும்பிப் பாக்காவ? போன்ல பேசுததைப் பாத்ததே இல்லையோ.

ஆதியில இருந்து சொல்லுதேன். அப்பத்தான் யார் மேல தப்புன்னு உங்களுக்குத் தெரியும். இருவது வருசத்துக்கு முன்னால சிங்கப்பூர்ல இருக்கிற எங்க ஊர்க்காரர் ஒருத்தர் இந்தப் பெட்டியைக் காணிக்கையாக் கொடுத்தாரு. கட்டையில அமுக்கினது பெட்டிக்குள்ள வரும், பெட்டி அதை ஒம்போது ஊசி வச்ச ஒரு வயர் வழியா கம்ப்யூட்டருக்கு அனுப்பும், கம்ப்யூட்டர் சுதியைக் கூட்டிக் கொறச்சு திரும்பப் பெட்டிக்கே அனுப்பும். ரெண்டும் பேசுத பாஷைக்கு மிடின்னு பேரு. கல்யாண வீட்டுல சாம்பார் வாளி பந்திக்குப் போய்ட்டுத் திரும்ப அடுப்படிக்கே வார மாதிரி. போன வருசம் அந்தப் பழைய கம்ப்யூட்டர் கண்ணை மூடிருச்சு. புதுசு வாங்கினா, அதுக்கு இந்தப் பெட்டியை அடையாளமே தெரியல. பெட்டி செஞ்ச கம்பெனியையும் இழுத்து மூடி பல வருசம் ஆச்சு.

கமிட்டியில புது ஆர்கன் வாங்கணும்னு பேச்சு. நான் எந்திரிச்சேன். நான் இருவத்தாறு வருசம் சாப்ட்வேர்ல குப்பை கொட்டினவன், பாத்துக்கிடுங்க. "எதுக்குப் புதுசு? லினக்ஸ்னு இலவச சாப்ட்வேர் இருக்கு, அதைப் போட்டு நானே டிரைவர் எழுதுதேன்"னேன். எல்லாரும் கை தட்டினாவ. ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல, செலவு இல்லைங்கிறது மட்டும் புரிஞ்சுது.

டிரைவர்னா என்னன்னு கேக்கியளா? கன்வென்ஷன் கூட்டத்துல வெளிநாட்டுப் பிரசங்கியார் பேசும்போது, பக்கத்துல ஒருத்தர் நின்னு தமிழ்ல சொல்லுவாருல்லா? அந்த ஆளுதான் டிரைவர். பெட்டி பேசுதது கம்ப்யூட்டருக்குப் புரியாது, நடுவுல நின்னு சொல்லணும். பிரசங்கியார் சிரிச்சா இவரும் சிரிக்கணும், அழுதா அழணும். நடுவுல இவரா ஒரு பிரசங்கம் வைக்கப்படாது.

நாலு மாசம். ஆயிரத்து எண்ணூறு வரி. பெட்டிக்குப் புஸ்தகம் கிடையாது, குறிப்பு கிடையாது. ஒவ்வொரு கட்டையா அமுக்கி, வயர்ல என்ன எண்ணு ஓடுதுன்னு பாத்து எழுதினேன். எழுதி, லினக்ஸ் சரக்கைக் காவல் காக்கிற கூட்டம் ஒண்ணு இருக்கு, அவங்களுக்கு அனுப்பினேன். அதுல நார்வேக்காரர் ஒருத்தர், ஹென்ரிக்னு பேரு. என் நாலு மாச உழைப்பைப் பாத்துட்டு அந்த மகராசன் என்ன சொன்னாரு தெரியுமா? "பன்னெண்டாவது வரியில இடம் விட்ட முறை சரியில்லை." கல்யாணத்துக்கு வந்துட்டு வாழையிலையோட காம்பு நீளம்னு குறை சொல்லுத ஆளு எல்லா நாட்டுலயும் உண்டு போல. சரின்னு திருத்தி அனுப்பினேன். ஏத்துக்கிட்டாரு. அதுல என் பேரு இருக்கு. உலகம் பூரா லினக்ஸுக்குள்ள, ஏதோ ஒரு மூலையில, என் பேரு இருக்கு. கமிட்டிக்காரன் ஒருத்தனாவது அதைப் பத்திக் கேக்கணுமே! "சார், அந்த பேன் ஓடமாட்டேங்கி, அதையும் பாக்கியளா"ன்னு கேட்டாவ.

சோதனையெல்லாம் பக்காவாப் பண்ணினேன். என்னைக் குறை சொல்ல முடியாது. வீட்டுலயே மாட்டி வச்சு, அஞ்சு வெரலையும் விரிச்சு ணங்குன்னு அடிச்சுப் பாத்தேன். முழங்கையை வச்சு அமுக்கிப் பாத்தேன். ஒரு மணி நேரம் தானா வாசிக்கிற மாதிரி நிரல் எழுதி, முழு வேகத்துல ஓட விட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டைத் தட்டினாரு. அவ்வளவு நல்லா வேலை செஞ்சுது.

வாசிக்கிறது யாருன்னு சொல்லலையே. என் வீட்டுக்காரி. ஹெப்சிபா. இருவத்திரெண்டு வருசமா அவதான் எங்க கோயில்ல ஆர்கன். நல்லா வாசிப்பாளான்னு கேக்கியளா? வாசிப்பான்னுதான் எல்லாரும் சொல்லுவாவ. நான் கேட்டதுன்னு... கோயில்ல நான் ஸ்பீக்கரைப் பாக்கணும், மைக்கைப் பாக்கணும், வயரைப் பாக்கணும். எனக்கு எங்க நேரம்?

நவம்பர்ல ஒருநா, அடுப்படியில காய் நறுக்கிக்கிட்டே சொன்னா. "ஏங்க, அந்தப் பெட்டி மெதுவா வாசிச்சா நிக்கிது." நான் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்கல. "அப்ப ஓங்கி வாசி"ன்னேன். சரியான பதில்தானே? மருந்து கசக்குதுன்னா கண்ணை மூடிக்கிட்டு முழுங்குன்னு டாக்டர் சொல்லலையா?

டிசம்பர்ல ரெண்டாவது தடவ சொன்னா. "ஓங்கி வாசிச்சா நிக்கல. மெதுவா வாசிச்சா மட்டும்தான் நிக்கிது. கொஞ்சம் பாருங்களேன்." எனக்குக் கோவம் வந்துருச்சு. நாலு மாசம் கண்ணு முழிச்சு எழுதினவன் நான், கட்டையை அமுக்குதவ வந்து எனக்குப் பாடம் எடுக்கா. எந்திரிச்சுப் போனேன். "தள்ளு"ன்னேன். தள்ளினா. ணங்குன்னு அடிச்சேன். சத்தம் வந்துச்சு. "நிக்கிதா?"ன்னேன். "இல்ல"ன்னா. "பொறவு என்ன?"ன்னேன். காய் நறுக்கப் போய்ட்டா. தீர்ந்துது பிரச்சினைன்னு நெனச்சேன்.

மூணாவது தடவ அவ சொல்லல. பெட்டியே சொல்லிருச்சு.

பிப்ரவரி, முதல் ஞாயித்துக்கெழம. திருவிருந்து ஆராதனை. சபையார் வரிசையாப் போயி முழங்கால் போட்டு அப்பமும் ரசமும் வாங்குத நேரம். அந்த நேரத்துல ஹெப்சி சன்னமா, காத்து மாதிரி வாசிப்பா. நான் பின்னால மைக் பெட்டிகிட்ட நிக்கேன். திடீர்னு ஒரே ஒரு சுரம், "ஙேஏஏ"ன்னு நிக்கி. மாறல. அவ கையை எடுத்துட்டா, சத்தம் மட்டும் ஓயல. ஐயர், அதான் எங்க பாதிரியார், அப்பத்தைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்காரு. முழங்கால்ல இருக்கிற கிழவர் ஒருத்தர் மேல பாக்காரு, வானத்துல இருந்து எக்காளம் ஊதுதோன்னு. ரெண்டு நிமிசம். ஹெப்சி எதையோ மெதுவாத் தொட்டா. உடனே அதுவரைக்கும் தேங்கி நின்ன சுரமெல்லாம் ஒரே மூச்சுல தடதடன்னு கொட்டுச்சு பாருங்க! சின்னப் பிள்ளைங்க சிரிச்சிருச்சு. ஐயரம்மா புடவைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டாவ.

ஆராதனை முடிஞ்சதும் கமிட்டி கூடுச்சு. பொன்துரை சார் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே கேட்டாரு: "ஞானதுரை சார், தப்பு பெட்டியிலயா, ஆள்லயா?" ஹெப்சி கதவுகிட்ட நின்னா. நான் என்ன பொய்யா சொல்ல முடியும்? "பெட்டியில குத்தமில்ல சார். நூறு தடவ சோதிச்சாச்சு. வாசிக்கிற கையில தெம்பு பத்தல"ன்னேன். சோதனை பண்ணின உண்மையைச் சொன்னேன், அவ்வளவுதான். நீங்களா இருந்தா என்ன சொல்லுவிய? ... ஏன் ஜன்னல் பக்கம் திரும்புதிய?

ஹெப்சி ஆர்கன் மூடியோட சாவியை இடுப்புல இருந்து எடுத்து, பொன்துரை சார் மேசையில வச்சா. இருவத்திரெண்டு வருசமா அது அவ இடுப்புலதான் இருந்துச்சு. வீட்டுல ஒரு சாவி தொலைஞ்சா தேடித் தருவா, இந்தச் சாவியைத் தொலைச்சதே இல்ல. ரெண்டு வாரம் வீட்டுல சமைச்சா, துவைச்சா, ஜெபம் பண்ணினா. தவக்காலம் தொடங்குத சாம்பல் புதன் அன்னைக்குக் காலையில, "நாகர்கோயில்ல லீதியாள் அக்கா வீட்டுக்குப் போய்ட்டு ரெண்டு நாள்ல வாரேன்"னு பஸ் ஏறினா. கோவிச்சுக்கிட்டுப் போகல, பாத்துக்கிடுங்க. அவளுக்குக் கோவமே வராது. ரெண்டு நாள்னுதான் சொன்னா. நாப்பத்தாறு நாள் ஆச்சு.

டிக்கெட்டா? எடுத்தாச்சு கண்டக்டர்! என்னது, மெதுவாப் பேசவா? நான் எங்க சத்தமாப் பேசுதேன்? வள்ளியூர்ல ஏறினவரு சொன்னாராம், அவருக்கு என்ன பொல்லாப்பு பாருங்க.

எங்க விட்டேன்? ஹெப்சி இடத்துக்குப் பொன்துரை சாரோட மருமகன் ரெக்ஸன் வந்தான். கல்யாண மண்டபத்துல வாசிக்கிறவன். கையா அது? உலக்கை. அவன் வாசிச்சா கூரை ஓடு அதிரும். ஆறு ஞாயிறு. ஒரு தடவகூடப் பெட்டி நிக்கல. நான் எல்லாரையும் பாத்துத் தலையை ஆட்டினேன். "பாத்தியளா? தெம்புதான்"னேன். வீட்டுல போயிச் சொல்லத்தான் ஆள் இல்ல. நானே சோறு வடிச்சு, நானே கஞ்சி ஆக்கிக் குடிச்சேன். வடிச்சது சோறுதான், ஆனது கஞ்சி.

நேத்து பெரிய வெள்ளி, குட் பிரைடே. மூணு மணி நேரத் தியானம். நடுவுல ஒரு இடத்துல ஐயர் ரெக்ஸனைப் பாத்துக் கையைக் கீழே அமர்த்திக் காட்டினாரு, மெதுவான்னு. அவன் வாழ்நாள்ல முதல் தடவையா மெதுவா வாசிச்சான்.

"ஙேஏஏ."

சபை பூரா திரும்பினது ரெக்ஸனைப் பாத்து இல்ல. என்னையப் பாத்து. அவன் கையில தெம்பு பத்தலன்னு நான் சொல்ல முடியுமா? அவன் தண்டால் எடுக்கிறவன்.

மூணரைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போனாவ. நான் கோயில்லயே இருந்துட்டேன். இவ்வளவு நாள்ல முதல் தடவையா ஒத்த வெரலால, தொட்டும் தொடாமலும் அமுக்கினேன். நின்னுச்சு. எண்ணைப் பாத்தேன். கட்டையை எவ்வளவு அழுத்தி அமுக்குதோம்ங்கிறதுக்கு ஒரு எண்ணு உண்டு அண்ணாச்சி, ஒண்ணுல இருந்து நூத்தி இருவத்தேழு வரைக்கும். நான் அடிச்சா நூத்திப் பத்துக்குக் கொறையாது. ஹெப்சி திருவிருந்துல வாசிக்கிறது இருவதுக்குப் பக்கம். அதுல பத்தொம்போது வந்ததும் நிக்கிது. பதினேழு வந்தாத்தான் மறுபடி ஓடுது. ஏன்னா, தந்தி மிஷின் காலத்துல இருந்து இந்த வயருக்கு ஒரு பழைய வழக்கம்: பத்தொம்போதுன்னா "நிறுத்து", பதினேழுன்னா "அனுப்பு". டிரைவர் எழுதுதவன் முதல் வேலையா அந்த வழக்கத்தை அணைச்சுப் போடணும். அணைக்கல. அவ மெதுவா வாசிச்சதை எல்லாம் நான் எழுதின டிரைவர் "வாயை மூடு"ன்னு எடுத்துக்கிட்டு, வாயை மூடிருச்சு.

ஒரு வரி. ஆயிரத்து எண்ணூறு வரியில ஒரே ஒரு வரி. அதைச் சேத்தேன், சரியாப் போச்சு. ஒத்த வெரலால ரொம்ப நேரம் அமுக்கிக்கிட்டே இருந்தேன். அந்தப் பெட்டியில இருந்து அவ்வளவு சன்னமா ஒரு சத்தம் வரும்னு எனக்குத் தெரியவே தெரியாது அண்ணாச்சி. இருவத்திரெண்டு வருசம் நான் எங்க நின்னேன்னு தெரியல.

அதை விடுங்க. விஷயத்துக்கு வாரேன். திருத்தத்தை அப்பவே ஹென்ரிக்குக்கு அனுப்பினேன். பெரிய வெள்ளியும் அதுவுமா அந்த ஆளும் கம்ப்யூட்டர் முன்னாலதான் இருந்திருக்கான். நான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உக்காரும்போது பதில் வந்துட்டு. இந்தத் தடவ இடம் விட்டதைப் பத்திப் பேச்சே இல்ல. "நல்ல திருத்தம். இந்தக் கோளாறை முதல்ல சொன்னது யாரு?"

அவங்க கூட்டத்துல அது ஒரு வழக்கம். கோளாறைச் சரி பண்ணினவன் பேரைப் போடுத மாதிரி, "கோளாறைச் சொன்னவர்"னு தனியா ஒரு வரி போட்டு அவங்க பேரையும் எழுதணும். நான் "சோதனையில தெரிய வந்தது"ன்னு எழுதினேன். விடுவாரா அவரு? "எப்ப, யாரு சோதிச்சா?"ங்காரு. "எங்க சபையார்"னு எழுதினேன். "ஒரு ஆளோட பேரு வேணும்"ங்காரு. ரெக்ஸன் பேரைப் போடலாமான்னு பாத்தேன். அவன் எங்க சொன்னான்? அவனுக்கு அது நின்னதே தெரியல, பக்கத்துல ஆள் தட்டிச் சொன்னாவ. சரி, என் பேரையே போட்டுருவோம்னு போட்டேன். யாருக்குத் தெரியப் போவுது நார்வேயில? போட்டேன். அழிச்சேன். மறுபடி போட்டேன். அழிச்சேன். சோறு ஆறிப் போச்சு.

கடைசியில உண்மையை எழுதினேன். "என் மனைவி. நவம்பர்ல ஒரு தடவ. டிசம்பர்ல ஒரு தடவ." எண்ணிப் பாத்து எழுதினேன். எழுதி முடிச்சப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது, பெட்டியைக் கோயில்ல மாட்டுததுக்கு முன்னாலயே அவ சொல்லிட்டா. அதுவும் இவ்வளவு தெளிவா எந்த இஞ்சினியரும் எனக்குக் கோளாறு சொன்னதில்ல. எது நிக்கிது, எப்ப நிக்கிது, எப்ப நிக்கல, எல்லாம் ஒரு வரியில. "மெதுவா வாசிச்சா நிக்கிது."

அதுக்கு ஹென்ரிக் எழுதுதாரு: "அவங்க பேரைப் போடுங்க. ஆனா ஒண்ணு, உங்ககிட்டத் தனியாச் சொன்னதுன்னா, பேரைப் போடும் முன்னால அவங்ககிட்ட அனுமதி கேக்கணும். அதுதான் முறை."

முறைன்னா முறைதானே? அதுக்குத்தான் போறேன். அனுமதி கேக்க. வேற ஒண்ணும் இல்ல.

போன்ல கேக்கலாமேங்கியளா? அடிச்சேன். லீதியாள் மதினி எடுத்தாவ. "அவ துணி காயப் போடுதா"ன்னாவ. திரும்ப அடிச்சேன். "துணி மடிக்கா"ன்னாவ. நாப்பத்தாறு நாளா துணி காயுது அந்த வீட்டுல. அதான் காலையில கோயிலுக்குப் போயி பெட்டியைக் கழட்டிப் பையில போட்டுட்டுப் பஸ் ஏறிட்டேன். கோயில் குட்டியார், அதான் கோயிலைக் கூட்டித் திறந்து பூட்டுத பெரியவர், பாத்துக்கிட்டேதான் நின்னாரு. "எங்க கொண்டு போறிய?"ன்னாரு. "சோதனைக்கு"ன்னேன். "அம்மாகிட்டயா?"ன்னாரு. எப்படித் தெரியுமோ அவருக்கு. ஆர்கன் சாவியை எடுத்து எங்கிட்டக் கொடுத்தாரு. மேசையில இருந்து பொன்துரை சார் எடுக்கவே இல்லையாம், அவர்தான் எடுத்துப் பத்திரமா வச்சிருந்தாராம். இந்தா, சட்டைப் பையில இருக்கு.

மதினி வீட்டுல ஒரு கீபோர்டு உண்டு. என் லேப்டாப்பும் பையில இருக்கு, பெட்டியை மாட்டுவேன். அவ வாசிச்சுப் பாக்கணும். திருத்தினது சரியா இருக்கான்னு அவ வாசிச்சாத்தான் தெரியும், என் கைக்குத் தெரியாது. சரியா இருந்தா ரெண்டு மணி பஸ்ஸைப் புடிச்சா சாயங்காலம் ஊருக்குப் போயிரலாம். விடியக்கால ஆராதனைக்குப் பெட்டியும் இருக்கும், சாவியும் இருக்கும், ஆளும் இருக்கும். வரலன்னா? வரலன்னா நாளைக்கு எங்க சபை ஆர்கன் இல்லாமதான் உயிர்த்தெழும்.

திரும்பப் போன் அடிக்கி. பொன்துரை சார்தான். அடிக்கட்டும்.

என்ன சொல்லுதிய? "அனுமதி கேக்கது இருக்கட்டும், கமிட்டியில சொன்னதுக்கு என்ன சொல்லப் போறிய?"ன்னா? அதுக்கும் பெட்டிக்கும் சம்பந்தம் இல்லையே அண்ணாச்சி. ஹென்ரிக் அதைக் கேக்கலையே.

...

ஆரல்வாய்மொழி தாண்டிட்டோம் போல. கரண்டு எடுக்குத காத்தாடியெல்லாம் சுத்துது.

சரி, நீங்க கேட்டது நியாயம்தான். ராத்திரி பூரா ஒத்திகை பாத்தேன், அந்த ஒரு இடம் மட்டும் வரல. இந்தா, சொல்லிப் பாக்கேன், கேளுங்க. "ஹெப்சி, அன்னைக்குக் கமிட்டியில நான்..." பாருங்க, பின் சீட்டுல நாலு பேரு எட்டிப் பாக்காவ. இது எனக்குப் பழக்கமில்லாத வேலை. இப்படிச் சொன்னா அவ திரும்பத் துணி காயப் போடப் போயிருவா. இருங்க, இன்னொரு தடவ.

...

...

இப்பச் சொன்னேனே, கேட்டுச்சா உங்களுக்கு? கேக்கலையா? தோள் ஒட்டி உக்காந்திருக்கிற உங்களுக்கே கேக்கலையா?

அப்ப சரியாத்தான் சொல்லியிருக்கேன்.